தகரத்துக்கு அடியில் வாழ்பவை: ஸ்லோ வோர்மும் அதன் அண்டை அயலும்

தென் இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலமும், ஒரு கம்போஸ்ட் குவியலும், புல் வெட்டாமல் விட்ட ஒரு மூலையும் இருந்தால் அங்கே ஸ்லோ வோர்ம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரயில் பாதை, அலாட்மென்ட் நிலம், பழைய கல்லறைத் தோட்டம், சுண்ணாம்புக் குன்று இவற்றில் ஏதாவது பக்கத்தில் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். லண்டனின் தெற்கு ஓரப் புறநகர்களில் வெந்தயக்கீரையும் மிளகாயும் போட்டு வளர்க்கும் நம்மவர்கள் பலர், இப்படியொரு பிராணி தங்கள் வேலிக்குள் குடியிருப்பது தெரியாமலே வருடங்களைக் கழித்திருப்பார்கள். அதைக் கண்டுகொள்வது எப்படி, கண்ட பிறகு அதன் வாழ்க்கையைக் குலைக்காமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துவருவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் பயம் தீரட்டும்

காலில்லாமல் வழவழவென்று ஊர்ந்துபோகும் எதையும் பாம்பு என்று எண்ணுவது நம் ஊர்ப் பழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த பெரியவர்கள் தோட்டத்தில் இதைக் கண்டால் தடியைத்தான் தேடுவார்கள். ஸ்லோ வோர்ம் பாம்பு இல்லை. கால்கள் மறைந்துபோன பல்லி. அதற்கு விஷம் கிடையாது, மனிதரைக் கடிப்பதும் அரிது. ஊரில் அரணையைப் பற்றிச் சொல்லப்படும் பயங்கரத்தில் எப்படி உண்மை இல்லையோ, இதைப் பற்றிய பயத்திலும் அப்படியே.

அடையாளம் காண ஒரு வழி போதும். அதன் கண்ணைப் பாருங்கள். பாம்புக்கு இமை இல்லை, ஸ்லோ வோர்முக்கு உண்டு. அசையாமல் ஒரு நிமிடம் நின்றால் அது கண் சிமிட்டுவதைக் காணலாம். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களை அவர்களே சமாளித்துவிடுவார்கள்: “அம்மம்மா, பயப்பிடாதேங்கோ, உது பாம்பில்லை. கண் வெட்டுது, வந்து பாருங்கோ.”

கண் தெரியாத தூரத்தில் இருந்தால் உடலைக் கவனியுங்கள். செதில்கள் துருத்தாமல் ஒன்றோடொன்று இழைந்து, புளி போட்டுத் துலக்கிய பித்தளைபோல் மின்னும். கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது. தலையும் உடலும் ஒரே பருமனில் ஓடும். நீளம் 40 செ.மீ. அளவில் இருக்கும், 50 செ.மீ.யை எட்டுவது அபூர்வம். வால் அறுபடாத பிராணியில் உடலைவிட வாலே நீளம்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது சுலபம். ஆண் ஒரே சீரான சாம்பல் அல்லது பழுப்பு நிறம். வயதான சில ஆண்களின் முன்னுடலில் நீலப் புள்ளிகள் தெளித்திருக்கும். பெண்ணின் விலாப்பக்கம் கருமையாகவும் முதுகு செம்பழுப்பாகவும் இருக்கும். முதுகின் நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடுவதும் உண்டு. குட்டிகள்தான் எல்லாவற்றிலும் அழகு. விரல் நீளமே இருக்கும் அவற்றின் முதுகு தங்க நிறம் அல்லது வெள்ளி நிறம், வயிறும் பக்கங்களும் கன்னங்கரேல். முதன்முதலில் குட்டியைப் பார்ப்பவர்கள் அது வேறு பிராணி என்றே நினைக்கிறார்கள்.

பிரிட்டனுக்கே உரிய ஊர்வன ஆறு: மூன்று பாம்பு, மூன்று பல்லி. நகரத்து வீட்டுத் தோட்டத்தில் ஸ்லோ வோர்மைத் தவிர நீங்கள் காணக்கூடியது பெரும்பாலும் கிராஸ் ஸ்னேக் என்ற பச்சைப் பழுப்புப் பாம்பு மட்டுமே. பிடரியில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பட்டை இருக்கும். அதற்கும் விஷமில்லை. விஷமுள்ளது ஆடர் என்னும் விரியன் ஒன்றுதான். முதுகு நெடுக வளைந்து வளைந்து செல்லும் கருங்கோடும், நெட்டுக்குத்தான கண்மணியும் அதைக் காட்டிக்கொடுக்கும். புதர்க்காட்டையோ வெட்டவெளியையோ ஒட்டிய வீடுகளில் தவிர தோட்டத்துக்கு அது வருவது குறைவு. வந்தால் தள்ளி நின்று பாருங்கள், அது தானாகப் போய்விடும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, வெட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாள் விரித்தல்

ஸ்லோ வோர்மைத் தேடிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினால் கிடைக்காது. மற்றப் பல்லிகளைப்போல அது வெயிலில் வெளிப்படையாகக் கிடப்பது குறைவு. சூடேறிய பொருளுக்கு அடியில் புகுந்து, அதில் உடலை ஒட்டிக்கொண்டு வெப்பம் பெறுவதே அதன் வழக்கம். ஆகவே நாம் அதற்கு ஒரு சூடான கூரையைக் கொடுத்தால் போதும், அது வந்து சேரும்.

ஷெட் கூரைக்கு அடிக்கும் கறுப்பு ஃபெல்ட் தாள் இதற்கு மிக நல்லது. அரை மீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஒரு துண்டு சின்னத் தோட்டத்துக்குப் போதும். நெளி தகரம் கிடைத்தால் அதுவும் ஆகும், விளிம்பை மட்டும் மடக்கித் தட்டிவிடுங்கள். இரண்டையும் போட்டு எதை விரும்புகிறது என்று பார்ப்பது இன்னும் சுவை. காலையிலோ மாலையிலோ வெயில் விழும், ஆனால் நடைபாதையிலிருந்து விலகிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். மொட்டைத் தரையில் போட்டால் பயனில்லை. உயர்ந்த புல்லை அமுக்கிக்கொண்டு தாள் கிடக்க வேண்டும், அப்போதுதான் அடியில் ஊர்ந்து திரிய இடைவெளி இருக்கும். ஒரு பக்கமாவது புதரையோ வேலியடியையோ தொட்டுக்கொண்டிருந்தால், வந்துபோகும்போது திறந்த வெளியைக் கடக்க வேண்டியிராது. பூனைகளும் காகங்களும் அந்த ஓரிரு அடி தூரத்தில்தான் காத்திருக்கின்றன.

பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ தாளை விரித்துவிட்டு மறந்துவிடுங்கள். புல் அடியில் வெளுத்து, மண்புழுவும் எறும்பும் குடிவந்து, அந்த இடம் தோட்டத்தோடு ஒன்றாகச் சில வாரம் பிடிக்கும். தினமும் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கடினமான வேலை. வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். அடிக்கடி தூக்கினால் அடியில் சேர்ந்த சூடு போகிறது, அது பாதுகாப்பில்லாத இடம் என்று பிராணியும் விலகிவிடும்.

ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்கள் பார்ப்பதற்கு உகந்தவை. காற்றின் வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை, மெல்லிய வெயிலோ மேகத்தினூடே வெயிலோ இருக்கும் முற்பகலும் பின்மாலையும் நல்ல நேரம். ஜூலை நண்பகலில் தாளைத் தூக்கினால் உங்கள் கைதான் சுடும். அந்த வெப்பத்தில் அடியில் எதுவும் இருக்காது. நாலைந்து முறை பார்த்தும் காணவில்லை என்பதற்காகத் தோட்டத்தில் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு முழுப் பருவம் பார்த்த பிறகே ஏதாவது சொல்ல முடியும்.

தூக்கும் முறை முக்கியம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல்களைத் தாளுக்கு அடியில் நுழைக்காதீர்கள். ஒரு விளிம்பில் கம்பி வளையம் கட்டி வைத்தால் அதைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கம் நின்றுகொள்ளுங்கள். ஸ்லோ வோர்ம் உடனே பாய்ந்து ஓடுவதில்லை. பத்து இருபது நொடி அப்படியே கிடக்கும், பிறகு தலையை நீட்டி, பிளவுபட்ட சிறு நாக்கால் காற்றைத் துழாவிவிட்டு வேர்ப்பக்கம் நழுவும். அந்த நேரத்துக்குள் எத்தனை, ஆணா பெண்ணா, வால் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தாளைத் திரும்ப வைக்கும்போது அதன்மேல் போட்டுவிடக் கூடாது. பிராணி வெளியே இருந்தால் தாளை அருகில் இறக்கி வையுங்கள், அதுவாக விளிம்புக்கு அடியில் நுழைந்துகொள்ளும்.

கையில் எடுக்க வேண்டாம். எடுத்தால் முதலில் உங்கள்மேல் நாற்றமடிக்கும் கழிவை விடும். இன்னும் பயந்தால் வாலை அறுத்துவிடும். அறுந்த வால் சில நிமிடம் துடிதுடித்து எதிரியின் கவனத்தை இழுக்க, உடல் தப்பிவிடும். அந்த வாலில் அது சேமித்திருந்த கொழுப்பு போய்விடுகிறது. திரும்ப வளர்வது மொட்டையான சிறு நுனி மட்டுமே, பழைய நீளம் வருவதே இல்லை. நாம் ஆசைக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பதற்கு அது வாழ்நாள் முழுக்க விலை கொடுப்பது நியாயமில்லை.

எதைக் கவனிக்கலாம்

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நாள், நேரம், வானம், வெப்பநிலை, எந்தத் தாள், எத்தனை, ஆண், பெண், குட்டி, வாலின் நிலை. இவ்வளவு போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண முடிந்தால் குறிப்பு உயிர்பெறும்: வால் மொட்டையான பெண், இடது விலாவில் தழும்புள்ளது, நீலப்புள்ளி ஆண் என்று. ஸ்லோ வோர்ம் அதிக தூரம் அலைவதில்லை. வெளியிடத்தில் 20, 30 ஆண்டு வாழக்கூடியது. கோபன்ஹேகன் விலங்குக் காட்சிச்சாலையில் ஒன்று 54 ஆண்டு வாழ்ந்திருக்கிறது. ஆகவே இந்த ஆண்டு உங்கள் தாளுக்கு அடியில் பார்த்த அதே பிராணியை, இன்று தொடக்கப் பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளை பல்கலைக்கழகம் முடித்து வந்த பிறகும் பார்க்க முடியும். வீட்டுத் தோட்டத்து உயிர்களில் இவ்வளவு காலம் கூடவே வருவது வேறு அதிகம் இல்லை. ஒரு வீட்டை விற்று இன்னொருவர் வாங்கும்போதும் அது அங்கேயே இருக்கும். அதனால்தான் ஒரே ஒருமுறை கண்மூடித்தனமாக ஸ்ட்ரிம்மர் ஓட்டுவதால் ஏற்படும் இழப்பு அவ்வளவு பெரிது.

மே, ஜூனில் ஓர் ஆண், பெண்ணின் தலையையோ கழுத்தையோ வாயால் கவ்விக்கொண்டு கிடப்பதைக் காணலாம். சண்டை என்று எண்ணிப் பிரித்துவிடுவோர் உண்டு. அது இணைசேரல். 10 மணி நேரம்வரைகூட அப்படியே நீடிக்கும். தாளை மூடிவிட்டு வந்துவிடுங்கள். அதன் பிறகு கோடை முழுக்கச் சினைப்பட்ட பெண்களே தாளுக்கு அடியில் அதிகம் தென்படும், வயிற்றில் வளரும் குட்டிகளுக்கு அந்தச் சூடு தேவை. இது முட்டையை வெளியே இடும் பல்லி இல்லை. முட்டை உடலுக்குள்ளேயே வளர்ந்து, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் மெல்லிய சவ்வுக்குள் குட்டிகளாக வெளிவரும். சவ்வு உடனே கிழிந்துவிடும். ஓர் ஈற்றுக்கு எட்டுக் குட்டி அளவில். அவற்றைத் தாய் வளர்ப்பதில்லை, பிறந்த நாளிலிருந்தே தங்கள் இரையைத் தாங்களே தேடும்.

இரை என்ன என்பதில் தோட்டக்காரர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. மண்புழு, சிலந்தி, பூச்சிகளின் புழுக்களோடு ஓடில்லா நத்தையையும் ஸ்லோ வோர்ம் விரும்பித் தின்கிறது. கொத்தமல்லி நாற்றையும் அவரைத் தளிரையும் ஓர் இரவில் மொட்டையடிக்கும் அந்தச் சாம்பல் நிறச் சின்ன நத்தைதான் அதற்குப் பிடித்த உணவு. மழை விட்ட மே மாத அந்தியில், காற்றில்லாத நேரம், கம்போஸ்ட் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். தலையைச் சற்றே உயர்த்தி, நத்தையை மேலிருந்து அளந்து பார்த்து, நிதானமாக நடுவுடலில் கவ்வும். பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் வழுக்கும் இரையும் நழுவாது. விழுங்கி முடித்ததும் வாயின் இரு பக்கத்தையும் புல்லில் தேய்த்துப் பிசினைத் துடைத்துக்கொள்ளும். தோட்டத்தில் காணக் கிடைக்கும் காட்சிகளில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

இதனாலேயே நத்தைக் குருணை போடாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன். மெட்டால்டிஹைடு கலந்த குருணையை வெளியிடத்தில் பயன்படுத்துவது 2022 ஏப்ரல் முதல் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஷெட்டில் பழைய டப்பா கிடந்தால் குப்பையில் வீசாமல் கவுன்சிலின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

அதே தாளில் மற்றவர்கள்

ஸ்லோ வோர்முக்காக விரித்த தாள் தோட்டத்தின் பாதி உயிர்களுக்கு வீடாகிவிடும். எறும்புப் புற்று எழும். மஞ்சள் எறும்பும் ஸ்லோ வோர்மும் ஒரே தாளுக்கு அடியில் சச்சரவில்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். புல்லைக் கத்தரித்து வழி அமைத்த வோல் எலியின் கூடு இருக்கும். எலி விட்டுப்போன அந்தப் பஞ்சுக் கூட்டில் அடுத்த ஆண்டு பம்பிள்பீ தேனீ ராணி ஒன்று குடிபுகுந்தால் அந்தத் தாளை அந்தக் கோடை முழுக்கத் தூக்காதீர்கள். தேரையும் நியூட்டும் ஈரத்துக்கு வரும். நீரில் மட்டுமே இருப்பதாக நாம் நினைக்கும் நியூட் ஆண்டின் பெரும்பகுதியைத் தரையில்தான் கழிக்கிறது. அதன் தோல் மங்கலாக, ஈரமாக இருக்கும், நான்கு கால் உண்டு, பல்லியின் பரபரப்பு இருக்காது.

குளம் வெட்ட இடமிருந்தால் வெட்டுங்கள். சிறியதாக இருக்கலாம், ஆனால் ஒரு கரை சரிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தவறி விழும் முள்ளெலி ஏற முடியாமல் மூழ்கிவிடும். மீன் விடாதீர்கள், தவளைக் குஞ்சுகள் மிஞ்சாது. பிப்ரவரி, மார்ச்சில் தவளை முட்டைத் திரளை நண்பர் வீட்டிலிருந்து வாளியில் கொண்டுவரும் பழக்கமும் வேண்டாம், அதோடு நோயும் சேர்ந்து வரும். குளம் நன்றாக இருந்தால் தவளை தானாக வரும்.

முள்ளெலிக்கு வேலியின் அடியில் 13 செ.மீ. சதுரத்தில் ஒரு ஓட்டை போதும். அது ஒரே இரவில் பல தோட்டங்களைச் சுற்றும் பிராணி, ஆகவே பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு ஓட்டை வைக்கச் சொல்லுங்கள். அயலாரோடு பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. பால் வைக்கக் கூடாது, அதன் வயிற்றுக்கு ஆகாது. தண்ணீர் வையுங்கள்.

கிராஸ் ஸ்னேக் உங்கள் கம்போஸ்ட் குவியலை முட்டையிட நாடலாம். மட்கும் குப்பையின் சூடே முட்டைகளை அடைகாக்கும். தோல்போன்ற வெண்ணிற முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே மூடிவிடுங்கள், ஆகஸ்ட் செப்டம்பரில் பொரிந்துவிடும். பழச்செடிகளுக்கு மேல் போடும் வலை தரையில் தளர்ந்து கிடந்தால் இந்தப் பாம்பும் முள்ளெலியும் அதில் சிக்கிச் சாகும். வலையை இழுத்துக் கட்டுங்கள், பருவம் முடிந்ததும் சுருட்டி உள்ளே வையுங்கள்.

எவ்வளவு உயிர்கள் ஒரு தோட்டத்தில் இருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு லெஸ்டர் நகரத்து விலங்கியலாளர் ஜெனிஃபர் ஓவனின் உழைப்பே பதில். 1972 முதல் 30 ஆண்டு தன் புறநகர் வீட்டுத் தோட்டம் ஒன்றிலேயே கண்டதையெல்லாம் பதிவுசெய்தார். அந்தக் கணக்கு 2,600 இனங்களைத் தாண்டியது. அவருடையது காட்டுத் தோட்டமும் இல்லை. காய்கறியும் பூவும் புல்தரையும் உள்ள சாதாரணத் தோட்டம். அவர் விஷமருந்து அடிக்கவில்லை, விடாமல் குறித்துவைத்தார்.

வெட்டும்போதும் கிளறும்போதும்

வெட்டாமல் விட்ட மூலையின் புல்லை 15 செ.மீ.க்குக் கீழே இறக்காதீர்கள். ஸ்லோ வோர்ம்கள் மண்ணுக்குள் உறங்கும் குளிர்காலத்தில் வெட்டுவது மேல். கோடையில் வெட்டியே ஆக வேண்டுமென்றால், அவை தங்கும் புதரிலிருந்து எதிர்ப்பக்கம் தொடங்கி, புதரை நோக்கி நகருங்கள், தப்ப வழியிருக்கும். கம்போஸ்ட் குவியலை முள்கரண்டியால் குத்திக் கிளறுவது மிகவும் ஆபத்து. மே மாதத்து வெதுவெதுப்பான நாளில் மேலிருந்து கையால் அடுக்கடுக்காக எடுங்கள். கோழி வளர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கோழிக்கு ஸ்லோ வோர்ம் நல்ல தீனி. அந்த மூலைக்கும் கோழிக்கும் நடுவே வேலி அவசியம். பூனை உள்ள வீட்டில் தாளைச் சுற்றி முட்செடிக் கிளைகளைப் பரப்பிவையுங்கள்.

சட்டமும் இதன் பக்கம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி ஸ்லோ வோர்மை வேண்டுமென்றே கொல்வதும் காயப்படுத்துவதும் விற்பதும் குற்றம். பல ஆண்டு காடாகக் கிடந்த பின்தோட்டத்தில் வீட்டை நீட்டிக் கட்டப் போகிறீர்கள் என்றால், ஜேசிபி வருவதற்கு முன் தகுதியுள்ள சூழலியலாளரிடம் பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் இல்லையே என்று வேறிடத்திலிருந்து பிடித்து வந்து விடுவதும் தவறு. பழகிய இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்ட ஊர்வன புதிய இடத்தில் நிலைப்பது கடினம்.

உங்கள் நோட்டுக் குறிப்பை வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ஐரெக்கார்ட் இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம், ஃப்ராக்லைஃப் போன்ற அமைப்புகளும் பதிவுகளை வரவேற்கின்றன. தோட்டத்தில் இவை இருப்பது வீட்டுக்காரர் சொன்னால்தான் தெரியும். வேறு யாரும் உங்கள் கதவைத் தட்டி உள்ளே வந்து தேடப்போவதில்லை.

அக்டோபரில் தாள்கள் காலியாகும். மரவேர்களுக்கு அடியிலும் எலி வளையிலும் கம்போஸ்ட்டின் ஆழத்திலும் பல சேர்ந்து மார்ச்வரை உறங்கும். அந்த மாதங்களில் தோண்டும்போது ஒன்று விறைத்துச் சுருண்டு வெளிவந்தால் செத்துவிட்டது என்று எறியாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து சூடாக்கவும் வேண்டாம். எடுத்த குழியிலேயே வைத்து, காய்ந்த இலையும் தளர்ந்த மண்ணும் போட்டு மூடுங்கள். குழி குலைந்துவிட்டால் பக்கத்திலேயே செங்கல்லும் மரக்கட்டையும் குறுக்கும் நெடுக்குமாக இட்டு, அடியில் அதை வைத்து, மேலே ஒரு முழ உயரத்துக்கு இலைச்சருகும் மண்ணும் குவித்து, மழைநீர் தேங்காதபடி சரிவு கொடுத்துவிடுங்கள்.